சார்ஜர் செய்த சாதனை

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் தலைப்புல ‘பெர்ஃபார்மன்ஸ் இம்ப்ரூவ்மென்ட்’னு இருக்கா? அப்போ இது உங்களுக்குத்தான்.

நான் எடுத்தது வயர்கார்ட். விபிஎன் டனலுக்கான கோட் இது. 2020 மார்ச்சில் வந்த லினக்ஸ் 5.6-லிருந்து கெர்னலுக்குள்ளேயே இருக்கு. டனல் வழியாப் போற ஒவ்வொரு பாக்கெட்டையும் சாச்சா20-பாலி1305 முறையில் என்கிரிப்ட் செய்யும். அந்த வேலையை சிபியுவின் எல்லா கோருக்கும் வரிசையாப் பங்கு போட்டுக் கொடுக்கும். அப்படி ஒவ்வொண்ணா மாத்தாம, ஒரே கோருக்கு சில பாக்கெட்டுகளைச் சேர்த்துக் கொடுத்தா கேஷ் உதவுமே, வேகம் கூடுமேன்னு நாலைஞ்சு வரி மாத்தினேன்.

லேப்டாப்லயே ரெண்டு நெட்வொர்க் நேம்ஸ்பேஸ் உருவாக்கி, நடுவுல டனல் போட்டு, ஐபெர்ஃப்3 ஓட்டினேன். முதல்ல பழைய கோட், அப்புறம் புது கோட். வேகம் நல்லாவே கூடியிருந்தது! ராத்திரி ரெண்டு மணிக்கு ரூம்மேட்டை எழுப்பிக் காட்டினேன். காலையில கைடு மேம்கிட்டயும் சொல்லிட்டேன். பிபிடியில பெரிய எழுத்துல அந்த எண்ணைப் போட்டாச்சு.

ரிவ்யூவுக்கு ரெண்டு நாள் முன்னாடி மறுபடி ஓட்டினா, வித்தியாசமே இல்லை. கோட் மொத்தத்தையும் மூணு தடவை படிச்சேன். அப்புறம்தான் ஞாபகம் வந்தது. பழைய கோட் ஓட்டினப்போ ஹாஸ்டல்ல கரண்ட் இல்லை. பேட்டரியில இருக்கும்போது என் லேப்டாப் சிபியு வேகத்தைக் குறைச்சுக்கும். கரண்ட் வந்து, சார்ஜர் போட்டப்புறம் ஓட்டினதுதான் புது கோட். நான் அளந்தது என் பேட்ச்சை இல்லை, சார்ஜரை.

அன்னைக்கு ராத்திரி ஒழுங்கா செஞ்சேன். சார்ஜர் போட்டு, சிபியு கவர்னரை ‘பெர்ஃபார்மன்ஸ்’ல வச்சு, பழசு, புதுசுன்னு மாத்தி மாத்தி பத்து தடவை. ஒரே கோட் தனக்குள்ளேயே காட்டின ஏற்ற இறக்கம், ரெண்டுக்கும் நடுவுல இருந்த வித்தியாசத்தைவிட அதிகம். போதாததுக்கு, அனுப்புறதும் வாங்குறதும் ஒரே லேப்டாப். ரெண்டும் அதே கோர்களுக்கு அடிச்சுக்குது. நிஜ நெட்வொர்க்கில் எப்படி இருக்கும்னு இதை வச்சு சொல்லவே முடியாது.

மேம் திட்டுவாங்கன்னு பயந்துக்கிட்டே போய்ச் சொன்னேன். “அந்த ஸ்லைடை எடுத்துட்டு, பத்து ரன்னையும் அப்படியே போடு”ன்னாங்க. ரிவ்யூல மார்க் கம்மிதான். ஆனா பேனல் கேட்ட ஒரு கேள்விக்குக்கூட நான் மழுப்ப வேண்டி வரலை.

உங்களுக்கும் எண் நல்லா வந்திருக்கா? சந்தோஷம். ரூம்மேட்டை எழுப்புறதுக்கு முன்னாடி, ரெண்டு தடவையும் சார்ஜர் போட்டிருந்தீங்களான்னு மட்டும் யோசிச்சுப் பாருங்க.