டயல்-அப்பும் லினக்ஸும்: சில குறிப்புகள்

2000-ஐ ஒட்டிய வருடங்கள். லினக்ஸ் என்றால் சிடிதான். 650 எம்பியை 56கே மோடத்தில் இறக்க, லைன் ஒருமுறைகூடக் கட்டாகாவிட்டாலும் ஒரு நாளுக்கு மேல் ஆகும். சிடியைப் போட்டால் திரை வரும், சவுண்டும் வரும். மோடம் மட்டும் முரண்டு பிடிக்கும்.

*

பிசிஐ ஸ்லாட்டில் இருப்பது மலிவு கார்டா? அநேகமாக வின்மோடம். சிக்னல் வேலையை சிபியு தலையில் கட்டிவிட்டு விலையைக் குறைத்த சரக்கு. அதற்கான டிரைவர் விண்டோஸுக்குத்தான் வரும். லினக்ஸுக்கு யாராவது எழுதியிருந்தாலும் அது கிடப்பது இணையத்தில். பெட்டிச் சாவி பெட்டிக்குள்ளே!

ஆகவே விண்டோஸ் பார்ட்டிஷனை அவசரப்பட்டு அழிக்க வேண்டாம். அதில் டிரைவரை இறக்கிக்கொண்டு, லினக்ஸில் மவுன்ட் செய்து எடுக்கலாம். கம்பைல் செய்யக் கர்னல் ஹெடர் வேண்டும்; சிடியில் இருக்கும், முதலிலேயே போட்டுவிடுவது நல்லது.

*

சீரியல் போர்ட்டில் மாட்டும் வெளி மோடம் விலை கூடுதல், வம்பு குறைவு. விண்டோஸின் காம்1 இங்கே டிடிஒய்எஸ்0. எண்ணிக்கை பூஜ்யத்தில் தொடங்கும். காம்1, காம்3 இரண்டுக்கும் வழக்கமாக ஐஆர்க்யூ 4. ஒன்றில் மவுஸ், இன்னொன்றில் மோடம் என்றால் சண்டைதான்.

*

டயலரைத் தொடுமுன் மினிகாமைத் திறந்து 'ஏடி' என்று தட்டவும். 'ஓகே' வந்தால் போர்ட்டும் மோடமும் சரி. கோளாறு அதற்கு அப்பால். தட்டிய எழுத்தே திரையில் விழவில்லையா? போர்ட்டைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். அந்த எழுத்தைத் திருப்பி அனுப்புவது மோடம்.

*

'நோ டயல்டோன்' என்றால், போனில் டோன் கேட்கிறதா என்று முதலில் பார்க்கவும். காதுக்குக் கேட்டும் மோடத்துக்குப் புரியாவிட்டால் 'ஏடிஎக்ஸ்3'. டோனுக்குக் காத்திராமல் டயல் செய்யும். பழைய எக்ஸ்சேஞ்சா, 'ஏடிடிடி' வேண்டாம், 'ஏடிடிபி'. பல்ஸ்.

*

வீட்டில் தூங்குகிறார்களே என்று 'எம்0' போட்டு மோடத்தின் வாயை அடைப்பதுண்டு. கோளாறு தீரும்வரை கூடாது. 2100 ஹெர்ட்ஸில் நீளமாக ஓர் ஊதல் வந்தால் மறுமுனை மோடம் எடுத்துவிட்டது. பிறகு இரைச்சல், பேரம், வேகம் படிதல். ஊதலுக்குப் பதில் 'ஹலோ, யாருங்க?' என்று வந்தால் நம்பர் தப்பு.

*

கனெக்ட் ஆகியும் பக்கம் திறக்கவில்லை. ஐபி எண்ணுக்கு பிங் போகிறது, பெயருக்குப் போகவில்லை என்றால் டிஎன்எஸ், 'ரிசால்வ்.கான்ஃப்' காலியாக இருக்கும். எண்ணுக்கே போகவில்லை, மெஷினில் லேன் கார்டும் இருக்கிறது என்றால் டிஃபால்ட் ரூட் அந்தப் பக்கம் போயிருக்கும். இருக்கிற ரூட்டை பிபிபி தானாக மாற்றாது. அதை நீக்கிவிட்டு மறுபடி டயல்.

*

எல்லாவற்றுக்கும் முன்னால், ஃபார்மட் செய்யுமுன், டயல் நம்பர், யூசர்நேம், பாஸ்வேர்ட் மூன்றையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளவும். விண்டோஸ் டயலர் பாஸ்வேர்டை நட்சத்திரமாகத்தான் காட்டும். அது தெரிந்த ஒரே ஆள் அந்த ஹார்ட் டிஸ்க்.