சிங்கப்பூருக்கு முன்னால் பூந்தமல்லி

மச்சானுக்கு ஒரகடத்தில் கார் உதிரிபாகக் கம்பெனியில் வேலை. போன வருஷம் ஒரு நைட் ஷிஃப்டில், முதுகில் யாரோ கத்தியை இறக்கின மாதிரி வலி. பக்கத்து கிளினிக்கில் 'கேஸ்' என்று மாத்திரை கொடுத்தார்கள். நம் ஊரில் கழுத்துக்கும் இடுப்புக்கும் நடுவே எது வலித்தாலும் கேஸ்தான்!

வலி நிற்கவில்லை. ஸ்ரீபெரும்புதூரில் வேறொரு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். சின்ன வயசு டாக்டரம்மா இரண்டு கையிலும் பி.பி. பார்த்தார். வலது கை ஒன்று சொன்னது, இடது கை வேறொன்று சொன்னது. "உடனே ஸ்கேன்" என்றார். இதயத்திலிருந்து கிளம்புகிற மகாதமனியின் உட்சுவர் கிழிந்திருந்தது. ரத்தம் சுவருக்குள் புகுந்து பிளந்துகொண்டே போகுமாம். பி.பி. மாத்திரையை மச்சான் நிறுத்தி ஆறு மாசமாம், அப்போதுதான் ஒப்புக்கொண்டான்.

மாமனார் என் கையைப் பிடித்துக்கொண்டார். "சிப்காட்டுக்கு நிலம் கொடுத்த பணம் பாங்க்ல இருக்கு மாப்ளே. சிங்கப்பூர் கொண்டு போயிடலாம். 1984-ல எம்.ஜி.ஆரையே அமெரிக்கா கொண்டு போய்த்தானே காப்பாத்தினாங்க?"

"அது கிட்னிங்க ஐயா" என்றார் டாக்டரம்மா. "இது காத்திருக்காது. ஆபரேஷன் பண்ணாம விட்டா, முதல் ரெண்டு நாள்ல ஒவ்வொரு மணிக்கும் நூத்துக்கு ஒண்ணு ரெண்டு பேர் போயிடறாங்க. சென்னைக்குச் சொல்லிட்டேன், கிளம்புங்க."

நான் பி.காம். கந்துவட்டிகூட மாசக் கணக்கு. இது மணிக் கணக்கு! பாஸ்போர்ட், விசா, டிக்கெட் என்று மனசுக்குள் கூட்டிப் பார்த்து வியர்த்துவிட்டது. சிங்கப்பூருக்கு முன்னால் பூந்தமல்லியைத் தாண்ட வேண்டுமே! வழி நெடுகக் கன்டெய்னர் லாரிகள். ஒவ்வொன்றாக ஒதுங்கி வழி விட்டன. அந்த டிரைவர்களை இன்றைக்கும் கும்பிடுகிறேன்.

கிழிந்த பகுதியை வெட்டிவிட்டு, பாலியெஸ்டர் துணிக் குழாயை வைத்துத் தைத்தார்கள். இந்த ஆபரேஷனுக்கு வழிகாட்டிய அமெரிக்க டாக்டர் டிபேக்கிக்கே 2005-ல், 97 வயசில் இதே கிழிசல் வந்ததாம். ஆபரேஷன் செய்துகொண்டு 99 வரை இருந்தார். 2011-ல் சிகிச்சைக்குச் சிங்கப்பூர் போன ரஜினிகாந்தும், 2024-ல் மகாதமனியில் வீக்கம் என்றபோது சென்னை அப்போலோவில்தான் ஸ்டென்ட் வைத்துக்கொண்டார்.

மச்சான் இப்போது டே ஷிஃப்ட். மாமனார் சிங்கப்பூர் பணத்தில் ஒரு பி.பி. மெஷின் வாங்கியிருக்கிறார். அவர் வீட்டுக்குப் போனால், காபிக்கு முன்னால் கையை நீட்டியாக வேண்டும்.

இரண்டு கையையும்!