காற்றும் கம்பியும்

துவிச்சக்கரவண்டியின் ரயரை அதன் வளையத்தோடு பிணைத்து வைத்திருப்பது யாது என வினவினால், காற்று என்றே பலரும் விடை பகர்வர். அவ்விடை பாதி உண்மையே. நிரப்பப்படும் காற்று ரயரை வெளிநோக்கித் தள்ளுகிறதேயன்றி உள்நோக்கி இழுப்பதில்லை. தள்ளுவதே தாங்கியும் நிற்பது எங்ஙனம்?

1888 ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்ற ஜோன் பொயிட் டன்லொப்பின் காற்று ரயர், துணி சுற்றி வளையத்தின்மேல் ஒட்டப்பட்டது. ஒரு முள் தைத்தாலும் அவ்வொட்டு முழுவதையும் உரித்தெடுக்க நேர்ந்தது. 1890 இல் சாள்ஸ் கிங்ஸ்ரன் வெல்ச் என்பார் ரயரின் இரு விளிம்புகளிலும் நீளாத கம்பி வளையங்களைப் பொதியும் முறையைக் கண்டார். இன்றைய ரயர்களிற் பெரும்பாலானவை அவ்வழி வந்தவையே.

அக்கம்பியின் வட்டம், வளையத்தின் பக்கச் சுவர்களது உச்சி வட்டத்திலும் சிறியது. காற்று ஏறும்போது ரயரின் விளிம்புகள் இருபுறமும் ஒதுங்கிச் சுவர்களில் அழுந்துகின்றன. மேலும் எழுந்து சுவரைத் தாண்ட வேண்டுமாயின் கம்பி நீளவேண்டும், அது நீளாது. ஆகவே, அழுத்துவது காற்று. எல்லை வகுப்பது கம்பி.

அங்ஙனமாயின் சிறிய வட்டம் பெரிய சுவரைக் கடந்து உள்ளே புகுவது எவ்வாறு? வளையத்தின் நடுவிலுள்ள பள்ளமே அதற்கு வழி. விளிம்பின் ஒரு பகுதி பள்ளத்துள் இறங்கினால், எதிர்ப்புறத்தில் அவ்வளவுக்குத் தளர்ச்சி கிடைக்கும். வால்வு உள்ள இடத்தில் விளிம்பு பள்ளத்துள் இறங்காது. எனவே கைதேர்ந்தவர் எதிர்ப்புறத்தில் தொடங்கி வால்வின் அருகே முடிப்பார். இதனை அறியாதவர் இறுதிச் சாண் நீளத்தை நெம்பி ஏற்ற முனைந்து, ரியூப்பை நசுக்கி, ஒட்டிய துளையோடு புதியதொரு துளையையும் பெறுவர்.

1990 களில் பொருளாதாரத் தடையால் எரிபொருள் அரிதாகிய யாழ்ப்பாணத்தில் நோயாளரும் விறகும் அரிசி மூடையும் துவிச்சக்கரவண்டியிலேயே சென்றன. தேய்ந்த ரயர்களைத் தைத்தும் ஒட்டியும் அவற்றை ஓடவைத்தோர் தெருவோரத் திருத்துநர்கள். பள்ளத்தின் பயனை அவர்களின் பெருவிரல்கள் அறிந்திருந்தன. பொறியியல் பயிலும் மாணவர் அதே உண்மையைப் பரிதியும் விட்டமும் கொண்டு நிறுவுவர். ஆயினும் காற்றுப்போன வண்டியை அவர்களிடமே உருட்டிச் செல்வர்.

அவ்விருவகை அறிவும் ஒன்றையொன்று சந்திக்கும் இடம் இன்னமும் அத்தெருவோரக் கொட்டிலே. விரிவுரை மண்டபத்தில் அச்சந்திப்பு நிகழாதிருப்பது திருத்துநரின் குறையன்று.