பிழை எந்தப் பக்கம்?

எங்கள் வீட்டு மேஜை டிராயரைத் திறந்தால் ஹெட்போன்களாகத்தான் கிடக்கும். ஒயர் வைத்தது, புளூடூத், யூ.எஸ்.பி என்று எல்லா ரகமும் உண்டு. "கடையே போடலாம்டி" என்பார் அம்மா.

என் வேலை அப்படி. வீடியோ கேம் எழுதுபவர்கள் படம், ஒலி, ஜாய்ஸ்டிக் ஒவ்வொன்றுக்கும் தனியாக மெனக்கெடாமல் இருக்க, எஸ்.டி.எல் என்றொரு இலவச நிரல் தொகுப்பு இருக்கிறது. 1998-ல் சாம் லாண்டிங்கா தொடங்கியது. இன்று பல நாட்டுக்காரர்கள் சேர்ந்து வளர்க்கிறார்கள். அதை வைத்து நான் எழுதும் செயலிகளில், ஒலி சரியாக வருகிறதா என்று பார்ப்பதும் என் பொறுப்புதான்.

கம்ப்யூட்டருக்கு ஒலி என்பது வெறும் எண்கள். இடது காதுக்கு ஒன்று, வலது காதுக்கு ஒன்று என மாறி மாறி, பெரும்பாலும் நொடிக்கு 48,000 ஜோடிகள் போகும். அனுப்பத் தாமதமானால் 'டப்'பென்று சத்தம் வரும். நடுவில் ஓர் எண் விட்டுப்போனால் இடதும் வலதும் இடம் மாறிவிடும்.

நான் எழுதியதில் அப்படியொரு பிழை. பாட்டு ஓடும்போது ஹெட்போனைப் பிடுங்கி மறுபடி மாட்டினால் மட்டும் வரும். இரண்டு நாள் போராடித் திருத்தினேன். சோதித்துப் பார்க்க அம்மாவை உட்கார வைத்தேன்.

"இடது பக்கம் 'பீப்' கேக்குதாம்மா?"

"கேக்குது."

"இப்ப வலது?"

"ஒண்ணும் வரலையே!"

மறுபடி இரண்டு மணி நேரம் நிரலைக் குடைந்தேன். எண்கள் எல்லாம் சரி. கடைசியில், எங்கள் தொழிலின் எளிய சோதனையைச் செய்தேன். ஹெட்போனைத் திருப்பி மாட்டிவிட்டேன். பழுது ஒயரிலோ நிரலிலோ இருந்தால், அதுவும் கூடவே இடது காதுக்கு மாற வேண்டும்.

மாறவில்லை. அப்போதும் அம்மாவின் வலது காதில் எதுவும் விழவில்லை.

"எத்தனை நாளாம்மா இப்படி?"

"ரெண்டு மூணு வருஷம் இருக்கும். வயசானா வர்றதுதானே? இதைப் போய் என்னன்னு சொல்றது?"

அப்போதுதான் ஒவ்வொன்றாக உறைத்தது. நாங்கள் எல்லோரும் இடது பக்கம் வரும்படி, சோபாவின் ஓரத்திலேயே அவர் உட்காருவார். போனை எப்போதும் இடது காதில்தான் வைப்பார். "கூப்பிட்டா காதுல விழாதா?" என்று நான் எத்தனை முறை எரிந்து விழுந்திருக்கிறேன்!

காது டாக்டரிடம் அழைத்துப் போனேன். கண்ணாடி அறைக்குள் அம்மாவுக்கு ஹெட்போன் மாட்டி, 250 ஹெர்ட்ஸிலிருந்து 8,000 ஹெர்ட்ஸ் வரை ஒவ்வொரு காதாகச் சோதித்தார்கள். கேட்டால் கையைத் தூக்க வேண்டும். இடது முடிந்து வலது வந்ததும், தூக்காமலே இருந்த அந்தக் கையை வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். என் வேலையும் இதேதான். மெஷின்களுக்குச் செய்ததை அம்மாவுக்குச் செய்யத்தான் தோன்றவில்லை.

உங்கள் வீட்டிலும் யாராவது இரண்டாவது முறை கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்க்கிறார்களா? கோபப்படும் முன் எந்தப் பக்கத்திலிருந்து கூப்பிட்டீர்கள் என்று கவனியுங்கள்.

இப்போது அம்மாவுக்குக் காது மெஷின் பொருத்தியிருக்கிறோம். தினமும் காலையில் அவரது வலது பக்கம் நின்று, மெதுவாக "அம்மா" என்கிறேன்.

"கேக்குதுடி, காபி கொண்டா" என்கிறார்.