26ஆம் திகதி பிறந்த பிள்ளைகள்



டிசம்பர் 26 முதல் ஜனவரி 1 வரையான இந்த வாரம் நமது கரையோர ஊர்களுக்குப் பாரமானது. 2004இல் ஒரு ஞாயிறு, போயா தினக் காலையில் சுனாமி வந்தது. நாடு முழுவதும் 30,000 பேருக்கு மேல் மௌத்தானார்கள். கூடுதலான உயிர்களை இழந்தது நமது அம்பாறை மாவட்டம். மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது என ஊர் ஊராக ஜனாஸாக்களை அடக்கினோம்.

இன்று நமது வகுப்புகளில் இருக்கும் எல்லோரும் அதற்குப் பிறகு பிறந்தவர்கள். அவர்களில் 26ஆம் திகதி பிறந்தவர்களும் உண்டு. அப்படி ஒரு பிள்ளை நம்மிடம் சொன்னது: "அண்டைக்கு ஊட்டுல எல்லாரும் அழுவாங்க டீச்சர். என்ட பிறந்தநாள எப்புடிச் சொல்ற?"

கேக் வெட்டுங்கள் என்று நாம் சொல்லவில்லை. மௌத்தானவர்களுக்குத் துஆக் கேட்கும்போது, அந்தப் பிள்ளையையும் பக்கத்தில் இருத்தி, அதன் ஹயாத்துக்கும் ஒரு துஆக் கேட்போம். அதை மறைந்து வாழ விடக் கூடாது.

அன்று நடந்ததையும் பிள்ளைகளிடம் சொல்வோம். கடல் திடீரென உள்வாங்கினால் வேடிக்கை பார்க்க நிற்காமல், கரையை விட்டு மேட்டு நிலத்துக்கு ஓட வேண்டும் என்பதை எல்லாப் பிள்ளைகளும் அறிந்திருக்க வேண்டும்.

வாரம் முடியும் ஜனவரி 1, டி.பி. ஜாயா பிறந்த நாள். 1890இல் கலகெதரவில் பிறந்தவர், 1921 முதல் கொழும்பு ஸாஹிராவின் அதிபராக இருந்து ஒரு தலைமுறையையே படிப்பித்தார். இழந்தவர்களை நினைக்கும் வாரத்திலேயே, இருக்கும் பிள்ளைகளை வளர்க்கும் கடமையும் நமக்கு நினைவு வரட்டும்.

மௌத்தானவர்களை அல்லாஹ் பொருந்திக்கொள்வானாக. ஆமீன்.