தேன் வடிந்த பின் எஞ்சும் மெழுகு

தாம்பரம் என்றதும் இரயில் நிலையமும் மக்கள் நெரிசலும் நினைவுக்கு வருவது இயல்பே. 2021-ஆம் ஆண்டில் மாநகராட்சியாகிவிட்ட இவ்வூரில் தேனீயும் வாழுமோ என்று வியப்போர் உண்டு. ஆனால் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி 1937-இல் நகரின் நடுவிலிருந்து இங்கே பெயர்ந்து வந்தபோது பெற்ற 365 ஏக்கர் வளாகம் இன்றும் பெரிதும் காடாகவே நிற்கிறது. பேராசிரியர் எட்வர்டு பார்ன்சும் அவர்தம் துணைவியாரும் அங்கு நட்டுப் பேணிய மரங்கள் பல. தெற்கே வண்டலூர்க் காப்புக்காடு. கிழக்கே நன்மங்கலம் காப்புக்காடு. வீட்டுக்கு வீடு முருங்கையும் வேம்பும் தென்னையும்; சாலையோரத்தில் புங்கு. பூ இருக்குமிடத்தைத் தேனீக்கு நாம் சொல்லித்தர வேண்டுவதில்லை.

சேலையூர், செம்பாக்கம் பக்கங்களில் வீடுகளைச் சந்திக்கச் செல்லுகையில், மொட்டை மாடியில் ஒன்றிரண்டு தேன்பெட்டி வைத்திருக்கும் குடும்பங்களை நாம் கண்டிருக்கிறோம். அப்பெட்டிகள் பெரும்பாலும் நியூட்டன் பெட்டி எனப்படுபவை. 1911 முதல் 1917 வரை தென்னாட்டில் தேனீ வளர்ப்பைப் பலருக்குப் பழக்கிய அருட்தந்தை நியூட்டன், நம் நாட்டுத் தேனீயின் அளவுக்கேற்ப அமைத்த பெட்டி அது. வீட்டார் தேனை மகிழ்வோடு காட்டுவர். ஒரு சிறு புட்டியில் நிறைத்துக் கையிலும் தந்தனுப்புவர். மெழுகு எங்கே என்று கேட்டால் மட்டும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வர். குப்பைக்குப் போயிற்று என்பதே பெரும்பாலும் வரும் மறுமொழி.

குப்பைக்குப் போனது என்னவென்று அறிந்தால் அவ்வாறு செய்ய மனம் வராது. இளம் வேலைக்காரத் தேனீயின் வயிற்றின் அடிப்புறச் சுரப்பிகளிலிருந்து சிறு செதில்களாகக் கசிவதே மெழுகு. ஒரு கிலோ மெழுகு சுரக்க ஏறத்தாழ ஆறு முதல் எட்டுக் கிலோ தேனை அவை உண்ணவேண்டும் என்பர். அதற்கேற்பக் கிடைப்பதும் குறைவே. பத்துக் கிலோ தேன் எடுத்தால், அறைகளின் வாயை மூடிய மெழுகாக நமக்கு எஞ்சுவது நூறு கிராமிலிருந்து இருநூறு கிராம் வரைதான். கறுத்துப்போன பழைய அடைகளையும் உருக்கினால் இன்னும் சற்றுக் கிடைக்கும்.

உருக்காமல் மூலையில் போட்டுவைப்பது அதனினும் தீது. பழைய அடையை மெழுகு அந்துப்பூச்சி தேடி வரும். அதன் புழு அடைக்குள் வலைபின்னி அனைத்தையும் தூளாக்கும். பின்னர் வலிமை குன்றிய பெட்டிகளுக்குள்ளும் அது புகும். கூட்டம் பெட்டியை விட்டே பறந்துபோய்விட்டது என்று வருந்தும் சிலர், மாடிப்படியின் கீழ் மூட்டை கட்டிவைத்த பழைய அடைகளை ஒருமுறை திறந்து பார்ப்பது நலம்.

உருக்குவதோ எளிது. அடைகளை மெல்லிய துணிப்பையில் இட்டுக் கட்டி, நீருள்ள பாத்திரத்தில் அமிழ்த்தி இளஞ்சூட்டில் வைத்தால் 62 முதல் 64 பாகை செல்சியசில் மெழுகு உருகி மேலே மிதக்கும். கசடு பைக்குள் தங்கும். ஆறியபின் தட்டாக எடுத்து, அடியில் ஒட்டிய அழுக்கைச் சுரண்டிவிடலாம். இரும்பு, செம்பு, பித்தளைப் பாத்திரங்கள் மெழுகின் நிறத்தைக் கெடுக்கும், எவர்சில்வர் நன்று. மெழுகை நேரே அடுப்பில் வைத்தல் கூடாது, தீப்பற்றிக்கொள்ளும். நம்மூர்ச் சித்திரை வெயிலுக்கு அடுப்பும் வேண்டாம். உள்ளே கறுப்பு வண்ணம் பூசிக் கண்ணாடி மூடியிட்ட மரப்பெட்டியைச் சாய்வாக மாடியில் வைத்தால், வெயிலே உருக்கித் தரும். அக்கினி நட்சத்திரத்தை நொந்துகொள்ளும் நமக்கு அதனால் இப்படியும் ஒரு பயன்.

சேர்ந்த மெழுகை முதலில் தேனீக்கே திருப்பித் தருவது அறிவுடைமை. அறுகோணப் பள்ளங்கள் பதித்த மெல்லிய மெழுகுத் தாளைச் சட்டத்தில் பொருத்திவிட்டால், அதன்மீதே அவை அடை கட்டும். புதிதாய் மெழுகு சுரக்கும் உழைப்பு குறைந்து தேன் மிகும். இத்தாலியத் தேனீக்கான தாள் நம் இந்தியத் தேனீக்குப் பொருந்தாது. இதன் அறை சிறியது.

அடுத்து வருவது நம் பீடத்துத் திரி. திருப்பலிக்கு ஏற்றும் திரிகளிலும் பாஸ்கா திரியிலும் பெரும்பகுதி தேன்மெழுகாகவே இருக்கவேண்டும் என்று 1904-இல் உரோமைத் திருச்சடங்குகள் பேராயம் விதித்தது. பாஸ்கா புகழுரையின் இலத்தீன் மூலத்தில் தேனீக்களின் உழைப்பு பெயர் சொல்லியே போற்றப்படுகிறது. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின் விதி தளர்ந்தது. இன்று கடைகளில் நாம் வாங்கும் திரிகள் பெரும்பாலும் பெட்ரோலியத்திலிருந்து எடுக்கும் பாரபினே. அதைக் குறைகூற நாம் வரவில்லை. ஏழைப் பங்குகளுக்கு அதன் விலையே வாய்ப்பு. ஆயினும் நான்கு வீட்டார் ஓராண்டு மெழுகைச் சேர்த்தால், தம் பிள்ளைகளின் திருமுழுக்குக்குத் தாமே திரி செய்துவிடலாம். பாரபினுக்கு இடுவதைவிடத் தடித்த பருத்தித் திரி வேண்டும். தேன்மெழுகு அச்சில் ஒட்டிக்கொள்ளும். ஆகவே தொங்கவிட்ட திரிநூலின்மேல் கரண்டியால் மீண்டும் மீண்டும் ஊற்றித் தடிமனாக்குவதே பழைய வழக்கம்.

தாம்பரம் சானடோரியம் நிலையத்தில் இறங்குவோர் பலர் அப்பெயரின் வரலாற்றை அறியார். காசநோயாளருக்கென மருத்துவர் டேவிட் சவரிமுத்து 1928-இல் தொடங்கிய இல்லத்தால் வந்த பெயர் அது. அதன் அருகில்தான் 2005-இல் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் திறக்கப்பட்டது. சித்த மருத்துவத்தில் இடிவல்லாதி மெழுகு, இரசகந்தி மெழுகு என்றெல்லாம் மருந்துகள் உண்டு. மெழுகுபோல் குழைந்திருப்பதால் அப்பெயரேயன்றி அவை தேன்மெழுகு அல்ல. களிம்புக்கு உறுதி தருவது தேன்மெழுகு. நம் வீட்டிலும் செய்யலாம்: எடையில் ஒரு பங்கு மெழுகு, நான்கு பங்கு தேங்காய் எண்ணெய், வெந்நீர்ப் பாத்திரத்துள் மற்றொரு கிண்ணத்தை வைத்து உருக்கிக் கலந்து ஆறவிட்டால், பித்தவெடிப்புக்கும் வறண்ட கைக்கும் தடவும் களிம்பு ஆயிற்று. கோத்தகிரியில் 1993-இல் தொடங்கிய கீஸ்டோன் நிறுவனம், நீலகிரிப் பழங்குடியினர் எடுக்கும் மலைத்தேன் மெழுகிலிருந்து களிம்பும் திரியும் செய்விக்கிறது. இங்கோ அதே மலைத்தேனீ அடுக்குமாடிகளின் நீர்த்தொட்டியில் கூடு கட்டினால், தீயிட்டுக் கொளுத்தி, அடையைக் குப்பை வண்டியில் ஏற்றிவிடுகிறோம். பூ முடிந்ததும் தானே இடம்பெயரும் ஈயை எரிப்பதில் என்ன வீரமோ!

வண்டலூரிலிருந்து கேளம்பாக்கம் சாலையில் சென்று, திருப்போரூர் வழியாக மாமல்லபுரம் அடைந்தால் மெழுகின் மிகப் பழைய பணியைக் காணலாம். 1957-இல் தொடங்கி இன்று அரசினர் கட்டடக் கலை, சிற்பக் கலைக் கல்லூரியாக விளங்கும் நிறுவனம் அங்கே உள்ளது; கல்லோடு உலோகச் சிற்பமும் அங்குக் கற்பிக்கப்படுகிறது. சோழர் காலச் செப்புத் திருமேனிகள் பிறந்த முறையே இன்றும் சுவாமிமலையில் வழங்குகிறது. தேன்மெழுகோடு குங்கிலியமும் கடலை எண்ணெயும் சேர்த்துக் குழைத்து, உருவத்தை விரல் நகம்வரை முதலில் மெழுகில் செய்வர். மேலே வண்டல் மண்ணைப் பூசிக் காயவைத்துச் சூடேற்றினால், மெழுகு உருகித் துளைவழியே வெளியேறும். அது விட்டுச் சென்ற வெற்றிடத்தில் உருகிய உலோகம் பாயும். அச்சை உடைத்தே சிலையை எடுக்கவேண்டுமாதலால் ஒன்றைப்போல் மற்றொன்று இராது. வீணையின் 24 மெட்டுகளும் மெழுகில்தான் பதிந்திருக்கின்றன.

விலை மலிவு கருதி வார்ப்பிலும் பாரபின் நுழைந்துவிட்டது. ஆகவே மெழுகை விற்க எண்ணுவோர் கலப்பின்றித் தரவேண்டும். தூய மெழுகுக்குத் தேன் மணம் உண்டு. உடைத்தால் உடைந்த முகம் குறுணையாகத் தோன்றும். பாரபின் கலந்தது விரலில் வழுக்கும். ஒரு வீட்டு மெழுகுக்கு வாங்குவோர் கிடைப்பது அரிது. பலர் கூடிக் கிலோக் கணக்கில் சேர்த்துக் கட்டிகளாக வார்த்து, காகிதத்தில் சுற்றி வைக்கலாம். கசடு நீங்கிய கட்டியை அந்துப்பூச்சி அண்டாது; ஆண்டுகள் பலவானாலும் கெடாது.