குதிரைக்குட்டியின் ஓப்பனிங் பேலன்ஸ்

சாரல் விழ ஆரம்பித்தால் தென்காசிக்காரன் வீட்டுக்கு இரண்டு விருந்தாளிகள் நிச்சயம். ஒருவர், குற்றாலத்தில் குளிக்க வரும் மெட்ராஸ் மச்சான். இன்னொருவர், மச்சான் தின்ற கண்ட கண்ட பஜ்ஜியைத் தொடர்ந்து வரும் வயிற்றுக் கோளாறு. மச்சானாவது வாந்தி எடுத்துத் தப்பிப்பார். குதிரைக்கு அந்தச் சலுகையும் இல்லை சார்! அதனால் வாந்தி எடுக்கவே முடியாது.

இதைச் சொன்னது என் பி.காம். புத்தகம் இல்லை, தென்காசியில் ஜட்கா ஓட்டிய எங்க தாத்தா. நான் இரண்டாவது படிக்கும்போது அவருடைய குதிரை குட்டி போட்டது. "குட்டி எந்திச்சு பால் குடிக்கிற வரைக்கும் ஒருத்தரும் தூங்கக் கூடாதுலே" என்று லாயத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

காரணம் இருக்கிறது. மனிதக் குழந்தை வயிற்றில் இருக்கும்போதே அம்மாவிடம் கொஞ்சம் நோய் எதிர்ப்புச் சக்தியை வாங்கிக்கொள்கிறது. குதிரைக்குட்டிக்கு ஓப்பனிங் பேலன்ஸ் கிட்டத்தட்ட பூஜ்யம். எல்லாம் சீம்பாலில்தான் வரவேண்டும். அதுவும் முதல் சில மணி நேரத்தில். 24 மணி நேரம் தாண்டினால் குடல் கவுண்டரை மூடிவிடும்.

ஒரு வாரத்தில் குட்டிக்குக் கழிச்சல். தெருவே பதறியது. தாத்தா தாய்க் குதிரையின் மடியைத் தொட்டுப் பார்த்தார். "மடி வத்திருக்கு. குட்டி நல்லா குடிக்கி. பயமில்லடே." பிறந்த ஒன்றிரண்டு வாரத்தில் வரும் இந்தக் கழிச்சல் பெரும்பாலும் தானே நிற்கும். நின்றது.

இரண்டாவது மாசம் மறுபடி வந்தது. இந்த முறை மடி கனத்துப் பால் சொட்டியது. தாத்தா ஒன்றும் பேசவில்லை. மாட்டாஸ்பத்திரி டாக்டர் வந்து சலைன் ஏற்றினார். விடிவதற்குள் குட்டி போய்விட்டது. அடுத்த வருஷமே ஜட்காவை விற்றுவிட்டார்.

எந்தக் கிருமி என்று யாரும் சோதிக்கவில்லை. ரோட்டா வைரஸ், சால்மோனெல்லா, கிளாஸ்ட்ரிடியம் என்று பட்டியல் நீளம். ரோட்டா, சிறுகுடலின் உறிஞ்சிகளைச் சிதைத்துவிடும். குடித்த பால் செரிக்காமல் தண்ணீராய்ப் போகும். பரவுவது லத்தி வழியாக. வெளிநாட்டுப் பண்ணைகளில் சினைக் குதிரைக்கு 8, 9, 10-வது மாதங்களில் தடுப்பூசி போடுகிறார்கள்; பலன் சீம்பால் வழியே குட்டிக்குப் போகிறது.

ரோட்டா நம் வீட்டுக் குட்டிகளையும் விடாது. 2016-ல் நம் தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் இதற்கான சொட்டு மருந்து சேர்ந்தது. 6, 10, 14-வது வாரங்களில், இலவசமாக. புது அப்பாக்களே, 'ஆடிட் நேரம், மானேஜர் லீவு தரமாட்டார்' என்று தள்ளிப் போடாதீர்கள். கேஷுவல் லீவு அடுத்த ஜனவரியில் மறுபடி வரவு வைக்கப்படும்.